இன்னைக்கு வாசகம் கிடையாது

சேசு மரி சூசை

என் பிரியமான உங்களுக்கு,

காகிதத்து மேல சேசு மரி சூசைன்னு போடாம நீங்க ஒரு வரி எழுதினதில்ல. நானும் போட்டிருக்கேன். எழுத்து கோணலாத்தான் வருது. உங்க பேரை எழுதலாம்னு பார்த்தேன், கை வரல. இருபத்து மூணு வருசம் வாயால சொல்லாத பேரைக் கை மட்டும் எப்படி எழுதும்?

உங்க கல்லறைக்கு வலது பக்கம் ஒரு ஆள் கிடக்க இடம் விட்டிருக்காங்க. உபதேசியாரம்மா எனக்குன்னு சபையில எல்லாருமாப் பேசி விட்ட இடம். அது எனக்கு வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதாசி. காரணம் சொல்லாம விட்டா, செத்த புருசன் மேல என்ன கோவம் இவளுக்குன்னு ஊர் பேசும். கோவம் இருந்துச்சு. இப்ப இருக்கது கோவந்தானான்னு எனக்கே தெரியல.

முதல்ல இங்கன உள்ள சேதியைச் சொல்லிருதேன். சீமையில நடக்குத சண்டை இன்னும் முடியல. அரிசி கிடைக்கல, கிடைக்குத அரிசியில பாதி கல்லு. உங்க இடத்துக்குப் புது உபதேசியார் வந்திருக்காரு, வாசுதேவநல்லூர் பக்கத்து ஆளு. நல்ல மனுசன்தான். ஆனா சுவிசேஷம் வாசிச்சார்னா வண்டியைப் பிடிக்க ஓடுத மாதிரி ஓடுதாரு. போன ஞாயித்துக்கிழமை ஒரு குருடருக்குக் கண்ணு வந்ததே எனக்குத் தெரியல, அதுக்குள்ள ஆமென் சொல்லிட்டாரு. நீங்க இருந்தா சிரிச்சிருப்பீங்களோ, முகத்தைச் சுளிச்சிருப்பீங்களோ? சுளிச்சிருப்பீங்க.

பக்கத்து வீட்டுக் கதிசா அக்காவுக்கு ஒரு கண்ணுல படலம் விழுந்துட்டு. அவுக வீட்டுத் தறி இன்னும் ஓடுது. நீங்க போனதுல இருந்து அக்காதான் எனக்குத் துணை.

உங்க சுவிசேஷப் புத்தகத்தைப் புது உபதேசியாருக்குக் கொடுக்கச் சொல்லி பங்குச் சாமியார் கேட்டாக. ஒரு வருசம் என் கையில விட்டுவைங்க சாமி, வாசிச்சிட்டுத் தாரேன்னேன். உனக்கு வாசிக்கத் தெரியுமான்னு கேட்டாக. கன்னியாஸ்திரி அம்மாமாரு பள்ளிக்கூடத்துல ரெண்டாங்கிளாஸ் வரைக்கும் போயிருக்கேன், எழுத்துக்கூட்டுவேன்னு சொன்னேன். சரின்னுட்டாக. இந்த வாரத்தோட அந்த வருசம் முடியுது. புத்தகத்தைத் துணியில சுத்தி வச்சிருக்கேன்.

இருபத்து மூணு வருசமா அந்தப் புத்தகம் உங்க வாய் வழியாத்தான் என் காதுக்கு வந்துச்சு. விடியக்காலம் கோயில் மணியை அடிச்சிட்டு வந்து, கைகால் கழுவி, கிழக்கப் பார்த்து நின்னு வாசிப்பீங்க. மாசத்துக்கு ஒரு தடவைதான் சாமியார் பூசைக்கு வருவாக, மத்த ஞாயித்துக்கிழமையில சபைக்கு வாசிக்குதது நீங்கதான். அதுக்கு முந்தி எனக்கு வாசிச்சுப் பழகிக்கிடுவீங்க. சேசு பாடுபட்ட தபசுக்காலம் வந்துட்டா நாளுக்கு ஒரு வாசகம். திருநாள் வந்தா அந்தத் திருநாளுக்கு உள்ளது. நான் அரிசியில கல்லுப் பொறுக்கிட்டே கேப்பேன். முடிச்சதும், "கேட்டியாட்டி?" ம்பீங்க. "கேட்டேன்" ம்பேன். வேற பேச்சு இல்ல நமக்குள்ள. நம்ம பிள்ளை போன பிறகு வேற பேச்சே இல்ல.

அந்த நாளை எழுதாம மேல போக முடியாது. இதைச் சபைப் பத்திரிகையில படிக்குதவங்களுக்கும் தெரியணும்.

அது ஆனி மாசம். எனக்கு மாசம் திகையல, இன்னும் ஒண்ணரை மாசம் கிடந்துச்சு. கடையத்துல ஒரு பெரியவருக்குக் கடைசி மூச்சு, செபம் சொல்ல வாங்கன்னு ஆள் வந்துட்டு. நீங்க போனீங்க. அன்னைக்குச் சாயங்காலமே எனக்கு நோவு கண்டுட்டு. கதிசா அக்கா வீட்டுக்காரரு மேலகரத்து மருத்துவச்சியைக் கூப்பிட ஓடினாரு. குத்தாலத்துல அருவி கோரமா விழுந்து சித்தாறு கரை தெரியாம ஓடுது, பாதை முழுக்க இடுப்பளவு தண்ணி. வெறுங்கையோட திரும்பி வந்தாரு. அக்காதான் எனக்குப் பிள்ளை எடுத்தா. நூலு நூக்குத கை அது, பிள்ளை எடுத்த கை இல்ல.

பொம்பளைப்பிள்ளை. என் முழங்கை நீளங்கூட இல்ல. அழல. பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். உதடு நீலம் பாரிச்சிட்டு வருது. எனக்கு எந்திரிக்க ஏலல, பாயெல்லாம் ரத்தம். ஆபத்துல யாரு வேணும்னாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம்னு நீங்க சபையில சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். "அக்கா, செம்புல தண்ணி எடு, தலையில மூணு தரம் ஊத்து"ன்னேன். அக்கா ஊத்தினா. அவ ஊத்த ஊத்த, பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துன்னு மந்திரத்தை நான் சொன்னேன். ரோசாள்னு பேரும் சொன்னேன். ஒரு எழுத்து விடல. அன்னைக்கு நான் சொன்ன மாதிரி இன்னைக்கு வரைக்கும் ஒரு மந்திரம் சொன்னதில்ல.

ஒரு நாழிகை இருந்தா. பிறகு முனகலும் இல்ல.

எனக்கு அழுகை வந்துச்சு, ஆனா உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி. பிள்ளை நேரா மோட்சம் போயிட்டா, நான் அனுப்பி வச்சிட்டேன்னு. நீங்க வருத மட்டும் அந்த நிம்மதி இருந்துச்சு.

மறுநாள் மதியம் வந்தீங்க. வேட்டி முட்டு வரைக்கும் சேறு. பிள்ளையைப் பார்த்தீங்க. துண்டை வாயில வச்சுக்கிட்டீங்க. பிறகு கேட்டீங்க.

"தண்ணி ஊத்தினியாட்டி?"

"ஊத்தியாச்சு."

"யாரு ஊத்தினா?"

"அக்கா."

"மந்திரம்?"

"நான்தான் சொன்னேன். முழுசும் சொன்னேன்."

நீங்க அப்படியே தரையில உக்காந்துட்டீங்க. எனக்கு என்னன்னு விளங்கல. உக்காந்தபடியே சொன்னீங்க: "ஊத்துத கையும் சொல்லுத வாயும் ஒரே ஆளா இருக்கணும்ட்டி. ஒருத்தி ஊத்தி ஒருத்தி சொன்னா அது செல்லாது."

கதிசா அக்காவுக்கு வந்த கோவம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா? வாசல்ல நின்னுக்கிட்டு, "என்ன அண்ணாச்சி பேசுதீக? அவளால எந்திரிக்க ஏலல, எனக்கு ஒங்க மந்திரம் தெரியாது. ரெண்டு பொம்பளையும் சேர்ந்து ஒரு ஆளுன்னு வச்சிக்கிடச் சொல்லுங்க ஒங்க சாமியை. அவரு என்ன பத்திர ஆபீசு ரைட்டரா, கைநாட்டு மாறிட்டுன்னு பத்திரத்தைத் திருப்பி அனுப்ப?"ன்னு கேட்டா.

பிறகு ஒரு நாள் அக்கா என்கிட்ட சொன்னா, "ஏட்டி சவேரி, நீ ஒவ்வொரு வார்த்தையாச் சொல்லித் தந்திருந்தா நானே திருப்பிச் சொல்லியிருப்பேனே. பச்சப்பிள்ளைக்காவச் சொல்ல மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?" அவ சும்மாத்தான் சொன்னா. அந்த வார்த்தை இருபது வருசமா என் நெஞ்சுல கிடக்கு. சொல்லித் தந்திருக்கலாம். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்துச்சு. எனக்குத் தோணல.

ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்குள்ள வைக்கக்கூடாது. சாமியார் தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்ச மண்ணு அது. நீங்களே மண்வெட்டி எடுத்துட்டுப் போயி, வடக்குச் சுவருக்கு வெளியே எருக்கஞ்செடி ஓரத்துல குழி வெட்டினீங்க. நான் பாயில கிடந்தேன். அக்காதான் பழைய சேலைத் துணியில சுத்தித் தூக்கிட்டு உங்க பின்னால வந்தா. அங்கன நீங்க ஒரு செபங்கூடச் சொல்லலன்னு வந்து சொன்னா. "ஒம் புருசன் வாயே திறக்கல. மண்ணு தள்ளும்போது எனக்கு மனசு கேக்கல, எனக்குத் தெரிஞ்சதை நான் ஓதிட்டு வந்தேன்"னா.

நீங்க யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தா என்ன? சாமியாருக்கா தெரியும்? எனக்கா தெரியும்? உங்க ஒருத்தருக்குத்தான் அந்தச் சட்டம் தெரியும். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அதுக்காகத்தான் சபை உங்களைக் கொண்டாடிச்சு. நான் அதுக்காகத்தான் உங்களை வெறுத்தேன்.

மறுநாள் காலையிலயும் நீங்க வாசிச்சீங்க. என்ன வாசிச்சீங்கன்னு தெரியாது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். "கேட்டியாட்டி?"ன்னீங்க. "கேட்டேன்"னேன். அடுத்தது பிறக்கும், அழாதன்னு சபைப் பொம்பளைக வந்து சொன்னாக. அடுத்தது பிறக்கல.

போன வருசம், கோயில் வருசத்துக் கடைசி ஞாயிறுக்கு முந்தின வாரம் உங்களுக்கு மலைக்காய்ச்சல் வந்துச்சு. ஆறு நாள். சாமியார் நேரத்துக்கு வந்து சேர்ந்தாக, பாவசங்கீர்த்தனம் கேட்டாக, அவஸ்தைத் தைலம் பூசினாக, நற்கருணை கொடுத்தாக. எல்லாம் முறைப்படி. உங்களுக்கு எல்லாமே முறைப்படிதான். கடைசியில தண்ணி கேட்டீங்க. செம்பை அக்கா எடுத்தா. நீங்க தலையை ஆட்டி, என்னைப் பார்த்து, "நீ ஊத்து"ன்னீங்க. ஊத்தினேன். அந்தப் பேச்சுதான் கடைசி. காய்ச்சல்ல சொன்னீங்களா, நினைச்சுத்தான் சொன்னீங்களா?

சேசு பிறந்த திருநாளுக்கு முந்தின ஆகமன காலம் பிறந்ததும் நான் உங்க இடத்துல கிழக்கப் பார்த்து நின்னு புத்தகத்தைத் திறந்தேன். விரலை வச்சு ஒவ்வொரு எழுத்தாக் கூட்டினா ஒரு வாசகத்துக்கு வெயில் வந்துரும். அதுக்கு முந்தி அந்தப் புத்தகத்தை நான் தொட்டதே இல்ல, அடுப்படிக் கையால தொடாதம்பீங்க. பிறந்த திருநாள் வந்துச்சு. மறுநாள் முடியப்பர் திருநாள். அதுக்கு மறுநாள் அருளப்பர் திருநாள். ரெண்டுக்கும் வாசிச்சேன். அதுக்கும் மறுநாள் எனக்கு வேலை இல்லன்னு நினைச்சேன். பிள்ளை போன பிறகு வருசா வருசம் அன்னைக்கு மட்டும் நீங்க மணி அடிச்சிட்டு வந்து, "இன்னைக்கு வாசகம் கிடையாதுட்டி"ன்னு சொல்லிட்டு வெளியே போயிருவீங்க. மதியத்துக்குத்தான் வருவீங்க, தலை ஈரமா இருக்கும். மார்கழிக் குளிர்ல குத்தாலத்துக்குக் குளிக்கப் போற மனுசனைப் பாரு, திருநாள் கறிச்சோத்துத் திமிருன்னு நான் மனசுக்குள்ள ஏசியிருக்கேன்.

சும்மா இருக்க முடியாம ஏட்டைப் புரட்டினேன். அன்னைக்கும் வாசகம் இருந்துச்சு.

மாசில்லாக் குழந்தைகள் திருநாள்னு போட்டிருந்துச்சு. கூட்டினேன். ஏரோது ராசா பெத்லகேம்ல ரெண்டு வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளை எல்லாம் வெட்டச் சொன்னது. ராக்கேல்னு ஒருத்தி பிள்ளைகளுக்காக அழுதது. அவளுக்கு ஆறுதல் வேண்டாம்னு இருந்தது. அந்த வரியை மூணு தரம் கூட்டினேன், தப்பா வாசிக்கேனோன்னு. தப்பு இல்ல. ஆறுதல் வேண்டாம்னு ஒரு அம்மா சொன்னதைச் சுவிசேஷத்துல எழுதி வச்சிருக்காங்க. அவளைப் போய் அழாதன்னு யாரும் அதட்டல.

பத்தொன்பது வருசமா எனக்கு ஏன் இதை மறைச்சீங்க? என் நெஞ்சு தாங்காதுன்னா? இல்ல, உங்களுக்கே வாசிக்க வாய் வரலியா? அன்னைக்கு எங்கதான் போனீங்க? அருவிக்குத்தானா, இல்ல வடக்குச் சுவருக்கு வெளியே போயிட்டுத் தலை முழுகினீங்களா? பொய்யே சொல்லாத மனுசன் வருசத்துக்கு ஒரு பொய், அதுவும் என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கீங்க. அன்னைக்குத்தான் நீங்க செத்ததுக்கு நான் அழுதேன். அடக்கத்தன்னைக்கு அழல, உங்களுக்குத் தெரியுமோ என்னவோ.

அந்தப் பெத்லகேம் பிள்ளைகளை யாரு தண்ணி ஊத்திக் கழுவினா? யாரு மந்திரம் சொன்னா? அவங்களுக்குத் திருநாள் இருக்கு, பூசை இருக்கு. கதிசா அக்காகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். தறியை நிறுத்திட்டுக் கேட்டா. "நான் அன்னைக்கே சொன்னேன்லா, ஒங்க ஆளுக ஒங்க புத்தகத்தையே சரியாப் பார்க்கதில்ல"ன்னா.

பிறகு தபசுக்காலம். நெத்தியில சாம்பல் பூசி, நீ மண்ணுன்னு சொன்னாக. எந்தப் பக்கத்து மண்ணுன்னு சொல்லல. நயீன்னு ஒரு ஊர்ல விதவை மகனைத் தூக்கிட்டுப் போறதை வாசிச்சேன். சேசுநாதர் பாடையைத் தொட்டாரு. இவனுக்கு முறைப்படி எல்லாம் செஞ்சீங்களான்னு கேட்டுட்டுத் தொடல. சேசு உயிர்த்த பாஸ்குத் திருநாள்ல பொம்பளைக கல்லறைக்குப் போகும்போது கல்லை யாரு புரட்டுவான்னு பேசிட்டே போறாக. எனக்குச் சுவர்தான் ஞாபகம் வந்துச்சு.

ஆனி பிறந்து சாரல் விழுந்துச்சு. பெந்தகோஸ்து கழிஞ்சு மூணாம் ஞாயிறு. நூறு ஆட்டுல ஒண்ணு காணாமப் போன வாசகம். இதை உங்க வாயால எத்தனை தடவை கேட்டிருக்கேன்! கேட்டும் கேக்கல. தொண்ணூத்தொம்பதை விட்டுட்டு, அந்த ஒண்ணைத் தேடி வெளியே போனாராம். அன்னைக்கு முடிவு பண்ணினேன். உள்ளே நீங்க இருக்கீங்க, உங்க அப்பா அம்மா இருக்காக, சபையே இருக்கு. வெளியே அவ ஒத்தையாக் கிடக்கா. இருபது வருசமா.

கல்லறைத் திருநாளுக்குச் சாமியார் வந்தாக. தீர்த்தம் தெளிச்சுட்டே ஒவ்வொரு கல்லறையா வந்தாக, உங்களுக்கும் தெளிச்சாக. வடக்குச் சுவர்கிட்ட வரும்போது நான் முன்னால போய் நின்னேன். "சாமி, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கை வீசிருங்க."

"உபதேசியாரம்மா, உங்களுக்குத் தெரியாததா? சட்டம் அப்படி."

"அப்ப நான் செத்தா என்னை அந்தப் பக்கம் வைங்க. எம் பிள்ளைகிட்ட."

சாமியார் திகைச்சிட்டாக. "உபதேசியார் பக்கத்துல இடம் இருக்கே அம்மா. நாண்டுக்கிட்டுச் செத்தவங்களைத்தான் அங்கன வைக்கது. மந்திரிக்காத மண்ணுல சபைப் பிள்ளையை வைக்க எனக்கு அதிகாரம் இல்ல."

"அப்ப அந்த மண்ணையும் மந்திரிங்க சாமி."

புது உபதேசியார் தீர்த்தச் செம்பைப் பிடிச்சுக்கிட்டுக் கீழே பார்த்தாரு. சாமியார், "மேலிடத்துல கேட்டுப் பார்க்கேன்"ன்னு சொல்லிட்டு அடுத்த கல்லறைக்குப் போயிட்டாக. கேப்பாகளோ, மறந்துருவாகளோ.

கதிசா அக்காகிட்ட சொல்லி வச்சிருக்கேன், என்னை உள்ளே தூக்கிட்டுப் போனா நீ வந்து தடுக்கணும்னு. "நான் முந்திட்டேன்னா என்னட்டி செய்வ?"ன்னு கேட்டா. "முந்தாத"ன்னேன். "ஒங்க சபைக்கு இந்தத் துலுக்கச்சி வந்து சட்டம் பேசணுமாக்கும்"னு சிரிச்சா. சிரிச்சிட்டு, ஒத்தைக் கண்ணைத் துடைச்சிக்கிட்டா.

எனக்கு எந்த இடம்னு ஊருக்கே தெரியட்டும்னுதான் இதை நம்ம சபைப் பத்திரிகைக்கு அனுப்புதேன். சுவருக்கு வெளியே பிள்ளையை வச்சிருக்க அம்மாமாரு இன்னும் உண்டு, அவுகளும் வாசிச்சுக்கிடட்டும். புது உபதேசியாரு, "நீங்க சொல்லுங்க, நான் பிழை இல்லாம எழுதித் தாரேன்"னாரு. வேண்டாம்னுட்டேன். ஒரு தடவை என் வாய் சொல்லி, வேற கை செஞ்சு, அது செல்லாமப் போச்சு. இந்தத் தடவை சொல்லுத வாயும் எழுதுத கையும் ஒரே ஆளு. இது செல்லும்.

கல்யாணத்தன்னைக்குச் சாகுத மட்டும் உங்களை விட்டுப் பிரியமாட்டேன்னு வாக்குக் கொடுத்தேன். அதை முடிச்சிட்டேன். இப்ப கொடுக்குத வாக்கு அதுக்குப் பிறகுள்ளது. மந்திரிச்சாலும் மந்திரிக்காட்டாலும் நான் அவகிட்டத்தான் கிடப்பேன். உங்க வலது பக்கத்து இடத்தை யாருக்காவது கொடுத்துருங்க. கோவிச்சுக்கிடாதீங்க.

கல்லறையில கிடக்கவங்க எல்லாரும் சத்தத்தைக் கேட்டு வெளியே வருவாங்கன்னு கல்லறைத் திருநாள் வாசகத்துல இருக்கு. எல்லாரும்னுதான் இருக்கு, விரலை வச்சுப் பார்த்துட்டேன். அன்னைக்கு நீங்க எந்திரிச்சதும், பழக்கத்துல மணி அடிக்க ஓடிராதீங்க. வடக்குச் சுவருக்கு வாங்க. இடுப்பு உயரந்தான். அந்தப் பக்கம் நாங்க ரெண்டு பேரும் நிப்போம். அவளுக்கு உங்க குரல் தெரியாது, அவ இருந்த ஒரு நாழிகையும் நீங்க கடையத்துல இருந்தீங்க. அந்த மார்கழி மாசத்து வாசகத்தை அவளுக்கு வாசிச்சுக் காட்டுங்க. இன்னைக்கு வாசகம் கிடையாதுன்னு மட்டும் சொல்லிராதீங்க.

உங்க வீட்டுக்காரி,
ரோசாளுக்கு அம்மா,
சவேரியாள்